தராசு வாங்கினால் குடை இலவசம்

பதினொரு வருடம் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் சேர்வதுபோல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஜூனில் அந்தக் காகிதம் வரவில்லை. தமிழ் வகுப்புகளைக் குறைத்துவிட்டார்களாம். மேஜை இழுப்பறையில் இருந்த சாக்பீஸ் டப்பாவையும் இரண்டு அகராதிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூருக்கு பஸ் ஏறினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படி இருந்தது. அது இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வருடக்கணக்கில் இருந்தது.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவின் ஓய்வூதியம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாக இருக்கும். ஆகவே நான்கு மாதம் கழித்து, தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடி அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். தி.நகர் கிடங்கில் பொருட்களை வைத்துக்கொண்டு இணையத்தில் விற்கிற கம்பெனி அது. தனக்கென்று கடை கிடையாது. பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் தன் பக்கங்களை வைத்திருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் விவரம் எழுதுவது என் வேலை.

முதலாளிக்கு முப்பது வயதுதான் இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். ஆங்கில வழியில் படித்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். முதல் நாளே எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்.

"மேடம், ஜனங்க விலையைப் பார்க்க மாட்டாங்க. கோடு போட்ட விலையைத்தான் பார்ப்பாங்க. அது எவ்வளவு பெருசோ, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஃப்ரீ. ஃப்ரீன்னு ஒண்ணு இருந்தா கை தானா போகும்."

கோடு போட்ட விலை என்று அவர் சொன்னது, பழைய விலை என்று மேலே போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருப்பார்களே, அதை. அந்த விலைக்கு அந்தப் பொருள் எந்தக் காலத்திலும் விற்றதில்லை. கோடு போடுவதற்காகவே பிறந்த விலை. அதையும் நான்தான் தட்டச்சு செய்வேன். 'எழுபது சதவீதம் வரை தள்ளுபடி' என்று எழுதும்போது அந்த 'வரை' மட்டும் எறும்பு போலப் பொடியாக இருக்க வேண்டும். வகுப்பில் அதே சொல்லை எல்லைப் பொருள் தருவது என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி விளக்கியிருக்கிறேன்.

எதுவும் உறுத்தவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஒருநாள் அம்மா கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"ஏண்டி, இதைப் பாத்தியோ? செப்பு பாட்டில் வாங்கினா நாலு டம்ளர் ஃப்ரீயாம். நன்னா இருக்குமா?"

அந்தப் பக்கம் நான் எழுதியது. டம்ளர்கள் செம்பு அல்ல, செம்பு நிறம் பூசியவை என்பது எனக்குத் தெரியும். அவற்றின் விலை பாட்டிலிலேயே அடங்கியிருந்ததும் தெரியும்.

"தெரியலம்மா" என்றேன்.

அம்மா வாங்கினாள். ஒரு மாதத்தில் நிறம் உரிந்தது. "ஃப்ரீதானே, போறது" என்று சொல்லி, டம்ளர்களை பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினேன்.

ஒரு மார்ச்சில் எடைத் தராசு வந்தது. சிறு வியாபாரிகள் வைத்திருக்கும் மின்தராசு. முப்பது கிலோ வரை நிறுக்கும். அதே தராசை வேறு பெயரில், வேறு பக்கத்தில், முந்நூறு ரூபாய் குறைவாக ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் பெட்டிகூட ஒன்றுதான். புதுப் பக்கத்தில் குடை இலவசம், அதுதான் வித்தியாசம். குடை முந்நூறு ரூபாயில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெறாது.

படத்தை வேறொருவர் செய்திருந்தார். தராசுக்குப் பின்னால் ஒரு காய்கறிக் கடை. கடைக்கு மேலே, கடற்கரையில் சோளம் சுடுகிறவர்கள் நட்டு வைத்திருப்பதுபோல் பெரிய வட்டக் குடை. கீழே எறும்பெழுத்தில், 'படம் விளக்கத்துக்காக மட்டும்'. அந்தப் படத்துக்கு ஒரு வரி வேண்டும் என்றார் முதலாளி. நான் எழுதினேன்: 'வெயிலோ மழையோ, உங்கள் கடைக்கு மேல் இனி ஒரு குடை.'

"சூப்பர் மேடம்" என்றார்.

உண்மையில் கொடுத்த குடை, கிடங்கில் இடம் போதாமல், என் மேஜைக்குப் பக்கத்தில்தான் கட்டுக்கட்டாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிடிக்கிற மடக்குக் குடை. ரோஸ் நிறம், ஓரத்தில் சுருக்கு வைத்தது.

தராசு நன்றாக விற்றது. சித்திரை வெயில் ஏறிய ஒரு மதியம், இரண்டு மணி இருக்கும், ஓர் அம்மா மாடியேறி வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. கையில் ஒயர் கூடை. அதிலிருந்து தராசை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ரோஸ் குடையை வைத்தார். பில்லில் இருந்த விலாசத்தை மகள் படித்துச் சொல்ல, நொச்சிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் மீன் விற்கிறவர்.

"இன்னாம்மா, இந்தக் கொடை கடைக்கு மேல போடறதா?" என்றார். சண்டைக் குரல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"இதுதாம்மா ஃப்ரீயா வர்ற குடை."

"இது வேறன்னு நெனச்சேன். வூட்ல கீற குட்டிக்கு இத்த குடுத்துட்டு, பெர்சு தனியா பார்சல்ல வரும்னு ஒம்போது நாளு பாத்துக்கினு இருந்தேன்."

திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம். அதைச் சொன்னேன். இலவசப் பொருளுக்கு மாற்றும் கிடையாது என்பதையும் சொன்னேன். கல்லூரியில் வருகைப் பதிவு படிக்கிற அதே குரலில் சொன்னேன்.

"தராசு மேல குத்தம் சொல்லலம்மா. தராசு நல்லாத்தான் கீது. ஆனா எங்கிட்ட தராசு ஏற்கெனவே கீதே. கொடைக்கோசரம்தான் இத்த வாங்குனேன். பகல்ல பன்னெண்டு மணிக்கு அந்த மொனையில ஒக்காந்து பாரு, மண்ட பொளந்துரும். 'கடைக்கு மேல்'னு போட்டுக்கீதுன்னு எம் பொண்ணு படிச்சிக் காட்டுச்சு. யாரும்மா அத்த எழுதுனது?"

"கம்பெனியிலேருந்து போடறாங்க" என்றேன்.

அவர் குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்தார். தோள் இரண்டும் வெளியே நின்றன. ஓரமாக உட்கார்ந்து குடைகளைப் பொட்டலம் கட்டுகிற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். பிறகு மடக்கி, நாடாவைச் சுற்றிப் பித்தானைப் போட்டு, தராசோடு கூடையில் வைத்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு, "வர்றேம்மா" என்று இறங்கிப் போனார்.

நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். முழுதும் சாப்பிட்டேன். அன்று சாயங்காலம்தான், வீட்டுக்குக் கிளம்பும் முன், தராசுப் பக்கத்தைத் திறந்து குடையின் அளவைப் பெரிய எழுத்தில் சேர்த்தேன்: 'சிறுவர் குடை, கையில் பிடிப்பதற்கு.' ஏன் செய்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

இரண்டு நாளில் முதலாளி வந்தார்.

"மேடம், தராசு சேல்ஸ் படுத்திடுச்சு. குடையைப் பத்தி ஏதோ சேர்த்திருக்கீங்களாமே?"

"அளவு போட்டேன் சார்."

"அளவெல்லாம் கேட்டா சொல்லலாம் மேடம். நாமளா போய் ஏன் சொல்லணும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் கண்முன்னேயே அந்த வரியை நீக்கினார். நான் அடுத்த பொருளுக்குப் போனேன். அது ஒரு தேங்காய்த் துருவி.

மந்தைவெளியில் அந்தத் தெருமுனை எது என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கப் போனபோது, மருந்துக் கடைக்கு எதிர்ப்புறம் அந்த மீன்கார அம்மாவைப் பார்த்தேன். மீன் கூடைக்குப் பின்னால் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோஸ் குடையை ஒரு குச்சியில் நைலான் கயிற்றால் கட்டி, மீன்மேல் நிழல் விழும்படி நட்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் அரிவாள்மணையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். நான் நகர்ந்துவிடலாம் என்று பார்ப்பதற்குள் அவர் என்னை அடையாளம் கண்டுவிட்டார். "தோ, ஆபீஸ் அம்மா!" என்றார். "பாத்தியா, மீனுக்குப் பத்துது. எனுக்குத்தான் பத்தல."

நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள். இத்தனை வருடத்தில் ஒரு மீன் கூடைக்கு அவ்வளவு பக்கத்தில் நான் நின்றதில்லை. ஐஸ் உருகி என் செருப்புக்கு அடியில் ஓடியது. வெயில் உச்சந்தலையில் விழுந்தது. அவர் சொன்னது சரிதான், மண்டை பிளந்தது.

"அம்மா, அந்த 'கடைக்கு மேல்' வரியை எழுதினது நான்தான். அன்னிக்குக் கம்பெனின்னு பொய் சொல்லிட்டேன்."

ஒருவர் வஞ்சிரம் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவரோடு பேரம் பேசி, நிறுத்து, மகளிடம் தள்ளி, பணத்தை வாங்கி இடுப்பில் செருகிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீயா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ குடுக்கறாங்கோ உனுக்கு?"

சொன்னேன்.

"இவ்ளோ படிச்சிட்டு அவ்ளோதானா?" என்றார். திட்டியிருந்தால் பழக்கமான இடத்தில் நின்றிருப்பேன்.

"நீங்க புகார் குடுக்கலாம். அந்தத் தளத்திலேயே அதுக்கு இடம் இருக்கு. நான் எழுதித் தரேன்."

"யாரு மேல?"

"எங்க கம்பெனி மேல."

"உன் வேல பூடாது?"

"தெரியல."

"அப்ப வேணாம், உடு. கொடை இல்லன்னா செத்தா பூட்டேன்?"

எனக்குத் துணிச்சல் வந்துவிடவில்லை. பயமும் இல்லை, அவ்வளவுதான். மகளின் கைபேசியைக் கேட்டு வாங்கி, மருந்துக் கடையின் நிழலில் நின்றுகொண்டு எழுதினேன். 'எங்களிடம் தராசு ஏற்கெனவே உள்ளது. கடைக்கு மேல் குடை என்று போட்டிருந்ததால்தான் இதை வாங்கினோம். படத்தில் உள்ள குடை வரவில்லை. வந்தது சிறுவர் குடை. இதே தராசு வேறொரு பக்கத்தில் முந்நூறு ரூபாய் குறைவாக விற்கப்படுகிறது. ஆகவே குடை இலவசமும் இல்லை.' அந்தக் குட்டிக் குடை மீன்மேல் நிற்பதை மகள் படம் எடுத்துச் சேர்த்தாள். நான் எழுதியதை அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"முந்நூறு ரூவா கம்மியாவா?" அதற்கு மட்டும்தான் அவர் முகம் மாறியது. "அனுப்பு அத்த" என்றார்.

செவ்வாய்க்கிழமை முதலாளி தன் மடிக்கணினியோடு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், ஒரு கம்ப்ளைன்ட் வந்திருக்கு. தமிழ்ல. மூணு நாள்ல பதில் போடலைன்னா நம்ம பக்கம் எல்லாத்தையும் நிறுத்தி வைப்பாங்களாம். என்ன எழுதியிருக்காங்க, படிங்க."

நான் எழுதியதை நானே உரக்கப் படித்தேன். ஒரு 'ஆகவே'வுக்கு முன்னால் நிறுத்திப் படித்தது நினைவிருக்கிறது.

"நறுக்குன்னு எழுதியிருக்காங்கல்ல? யாராவது வக்கீல் எழுதிக் குடுத்திருப்பாங்க."

"இருக்கலாம் சார்."

"நீங்களே பதிலும் எழுதிடுங்க மேடம். கொஞ்சம் பணிவா இருக்கட்டும்."

எழுதினேன். படத்தில் காட்டிய குடையும் கொடுத்த குடையும் வேறு வேறு, விவரத்தில் இருந்த வரி வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கக்கூடியது, குடையின் விலை தராசின் விலையில் சேர்க்கப்பட்டிருந்தது, இவற்றுக்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம். முதலாளி திரையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தார். பாதியிலேயே கடைசி வரிக்குத் தாவிவிட்டார்.

"இது என்ன வார்த்தை?"

"பொறுப்பேற்கிறோம்."

"ஓகே, கெத்தா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தளத்திலிருந்து தீர்ப்பு மாதிரி ஒன்று வந்தது. படத்தில் உள்ளபடி குடை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தந்து அபராதமும் கட்ட வேண்டும். தராசுப் பக்கத்தை உடனே நீக்க வேண்டும். இம்முறை முதலாளி நாங்கள் அனுப்பிய பதிலை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"என்ன மேடம் எழுதினீங்க?"

"நடந்ததை எழுதினேன் சார்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஒரு குடையை வாங்கி நீங்களே குடுத்துட்டு வந்துடுங்க" என்று பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பாரிமுனைக்குப் போய் வாங்கினேன். அந்த மாதிரிக் குடை தராசைவிட அதிக விலை. அதை யாரும் எதனோடும் சும்மா கொடுக்க முடியாது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கே விளங்கியது. ஆட்டோவின் இரண்டு பக்கமும் குடை நீட்டிக்கொண்டிருக்க மந்தைவெளிக்கு வந்தேன். ஓட்டுநரும் மகளும் சேர்ந்து இரும்புத் தாங்கியை நிறுத்திக் கல்லை வைத்தார்கள். நீலமும் வெள்ளையுமாகக் குடை விரிந்தது. அந்த அம்மா அதன் கீழே உட்கார்ந்து, தலைத்துண்டை எடுத்துப் பிழிந்தார்.

மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. பசி என்று ஒன்றைத் தனியாக உணர்ந்தே நாளாகியிருந்தது.

பக்கத்தில் பூ விற்கிற பெண் எழுந்து வந்து குடையைச் சுற்றிப் பார்த்தாள். "எவ்ளோக்கா?" என்று கேட்டாள்.

"ஃப்ரீடி!" என்றார் அந்த அம்மா. பெருமை தாங்கவில்லை. "தராசு வாங்குனதுக்கு."

"எதுல? எனுக்கும் போட்டுக் குடு." பூக்காரப் பெண் தன் கைபேசியை மகளிடம் நீட்டினாள். தராசுப் பக்கத்தை நீக்கிவிட்டோம்தான். ஆனால் அதைப்போல நூறு பக்கங்கள் இருக்கின்றன. மகள் தேடியதும் ஒன்று வந்தது. எங்கள் கம்பெனி இல்லை. தராசு, பின்னால் ஒரு கடை, மேலே குடை, கோடு போட்ட விலை.

"வாங்காதீங்க" என்றேன்.

குரல் பெரிதாக வந்துவிட்டது. சாலையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன், அவுங்களுக்கு மட்டும் குடுத்தீங்க?"

"அவங்களுக்கும் ஃப்ரீயா வரல. சண்டை போட்டு வாங்கினது. அந்தப் படத்துல இருக்கறது வராது. அந்த விலையும் பொய். வேணும்னா பாரிமுனையில போய் குடையை மட்டும் வாங்குங்க."

பூக்காரப் பெண் என்னை நம்பவில்லை. அவள் பார்வையிலேயே தெரிந்தது. மகளிடமிருந்து கைபேசியை வாங்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். பிறகு வாங்கினாளா இல்லையா, தெரியாது. அந்த அம்மா மகளிடம் எனக்கு ஒரு பாட்டில் சோடா வாங்கி வரச் சொன்னார். மீன் சாப்பிடாதவளுக்கு வேறு என்ன கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. புதுக் குடையின் நிழலில் நின்று அதைக் குடித்தேன்.

மாதக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். தமிழ்ப் பக்கங்களை இனி செயலியே மொழிபெயர்த்துவிடும், தனியாக ஆள் தேவையில்லை என்றார். குரலில் வருத்தம்கூட இருந்தது. கை குலுக்கினார். இரண்டாவது முறையாக ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினேன். அதில் ஒரு அகராதியும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. இராயப்பேட்டை தாண்டியபோது ஜன்னலோரம் லேசாக அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கவனிக்கவில்லை. நெஞ்சு உடைகிற அழுகை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்தேன், மறுபடி வந்தது.

"வேலை போயிடுத்தா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன், பாட்டில் டம்ளர் உட்பட. "என்கிட்டயே சொல்லலையேடி" என்றாள்.

இப்போது அடையாறில் ஒரு பாடநூல் பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். வாரம் மூன்று நாள் போனால் போதும். சம்பளம் முன்பைவிடக் குறைவு. எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று பார்ப்பேன். எழுத்துகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். பதினொரு மணிக்கு டீ வரும்; முன்பெல்லாம் ருசி தெரியாமலே குடித்துவிடுவேன், இப்போது சில நாள் சர்க்கரை போதவில்லை என்று சொல்வேன், இன்னும் ஒரு ஸ்பூன் போடுவார்கள்.